நான் பார்க்காத அரிவாள்

அறுபத்திரண்டு வரைக்கும் சரியாக எண்ணியிருந்தேன். அதற்குப் பிறகு விட்டுப்போயிற்று.

மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், சுற்றுகிறவனுக்கு எண்ணிக்கை விட்டால் வேறு வழி கிடையாது, பிள்ளைகளே. குத்துமதிப்பாக நாலு சுற்று கூட்டிப் போட்டாலும் மோட்டார் ஓடத்தான் செய்யும். ஆனால் சூடு ஏறும். ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து, யாரோ ஒருவருடைய தோட்டத்தில், தண்ணீர் பாய்கிற நேரம் பார்த்துக் கருகி நிற்கும். அதனால் சுற்றிய செம்புக் கம்பியை எல்லாம் பிரித்துவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அன்றைக்கு எண்ணிக்கை விட்டதற்குக் காரணம் என் மகள் பவித்ரா.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் ஒர்க்‌ஷாப். மே மாத வெயில். வார்னிஷ் வாடையும் மாம்பழ வாடையும் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தது. பவித்ரா ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, சப்பட்டை மாம்பழத்தைச் சப்பியபடி, ஒரு புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். வாய்விட்டு வாசித்தால்தான் அவளுக்கு மண்டையில் ஏறும்.

எங்கோ ஒரு நாட்டில் ஒருவனைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். வெகுகாலம் கழித்துத்தான், அவனைப் பார்த்தேன் என்று சொன்ன சாட்சி உண்மையில் ஒன்றையும் பார்க்கவில்லை என்று தெரிந்தது. அந்தப் பக்கத்தைத்தான் அவள் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா நிப்பாட்டிட்டீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. நீ வாசி."

"இந்தச் சாட்சிக்காரனையும் சேத்துல்லா தூக்குல போட்டிருக்கணும்?" என்று சொல்லிவிட்டு மாங்கொட்டையை வாசலில் வீசினாள்.

வார்னிஷ் டப்பாவுக்கு அடியில் மடித்து வைத்த தாள் ஒன்று இருந்தது. முந்தின நாள் வந்தது. கோர்ட்டு சம்மன். ஒரு கொலை வழக்கில் நான் சாட்சி. குற்றம் சாட்டப்பட்டவன் ஒளித்து வைத்த அரிவாளைப் போலீசிடம் எடுத்துக் கொடுத்ததைக் கண்ணால் பார்த்தவன் என்று என் பெயர் அதில் இருந்தது.

நான் எந்த அரிவாளையும் பார்க்கவில்லை.

லீவுக்கு ஒரு புத்தகம்

எங்கள் காலத்தில் கோடை லீவு என்றால் கிணற்றில் கிடப்பதுதான். இப்போது பள்ளிக்கூடத்தில் புத்தகம் வாசிக்கச் சொல்கிறார்கள். பவித்ரா அப்போது ஒன்பதாவது முடித்துப் பத்தாவது போகிறாள். சமூக அறிவியல் டீச்சர் துண்டுச் சீட்டுகளைக் குலுக்கிப்போட்டு ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொல்லியிருக்கிறார். சிநேகிதிக்கு 'மழைநீர்' வந்தது. இவளுக்கு 'மரண தண்டனையும் நீதியும்'.

புத்தகத்தை வாசிக்க வேண்டும். நோட்டில் எழுத வேண்டும். கடைசியில் தூக்குத்தண்டனை வேண்டுமா வேண்டாமா என்று தன் கருத்தைச் சொல்ல வேண்டும்.

"இதுல யோசிக்க என்னப்பா இருக்கு?" என்றாள் முதல் நாளே. "கொன்னவனக் கொல்லணும். மூணு பக்கத்துல முடிச்சிருவேன்."

நோட்டின் முதல் பக்கத்தில் 'பெற்றோர் பார்த்தார்' என்று ஓர் இடம் இருந்தது. நீட்டினாள். மோட்டார் மூடியின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. அப்படிப் பார்க்கிற பழக்கமே எனக்கு இல்லை.

இந்தப் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கையெழுத்துக் கனகு

நான் எட்டாவதோடு நின்றவன். உங்களுக்கு எழுதிவருகிற இந்தத் தொடரில் அதை ஒளித்ததில்லை. ஆனால் என் கையெழுத்து அழகாக இருக்கும். வைண்டிங் வேலை படித்த காலத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதி எழுதிப் பழகினேன். கடைசியில் ஒரு சுழி வரும். காயில் சுற்றுகிற மாதிரியே வட்டமாக வந்து நிற்கும்.

அந்தச் சுழிக்காகவே தெருவில் ஒரு மரியாதை கிடைத்தது. பாங்க் பாரம், கேஸ் இணைப்பு, வீட்டு ஒப்பந்தம், பாஸ்போர்ட்டுக்கு அக்கம்பக்கத்து ஆள் என்று எதற்குச் சாட்சி வேண்டுமானாலும், "கனகு அண்ணாச்சிட்ட போங்க, போட்டுத் தருவாவ" என்பார்கள். நானும் போட்டுத் தருவேன். ஒரு சட்டைப்பையில் டெஸ்டர், இன்னொன்றில் பேனா.

வேடிக்கை என்னவென்றால், சோதனை விளக்குப் போட்டுப் பார்க்காமல் ஒரு மோட்டாரைக் கூட நான் கடையை விட்டு வெளியே அனுப்பியதில்லை. நூறு வாட் பல்பைத் தொடுத்து, கசிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கொடுப்பேன். தாளுக்கு அப்படி ஒரு விளக்கு வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கட்டைவிரல்

பவித்ரா அஞ்சாவது படித்த வருஷம் நடந்தது இது.

செண்பகத்தோப்புப் போகிற வழியில் ஒரு மாந்தோப்பு. அதன் காவல்காரர் சீனி. ஒரு நாள் காலையில் தோப்புக்குள் வெட்டுப்பட்டுக் கிடந்தார். நல்ல மனுஷர். அவர் வீட்டு கிரைண்டர் மோட்டாருக்கு நான்தான் காயில் சுற்றிக் கொடுத்தேன். அவர் மனைவி பேச்சியம்மாள் அதைத் தலையில் சுமந்து கொண்டுவந்ததும், கூலியோடு சேலை முந்தி நிறைய மாங்காய் கொடுத்ததும் ஞாபகம் இருக்கிறது.

அது நடந்து ஐந்தாறு நாள் இருக்கும். நான் காலை எட்டு மணிக்கே கான்சாபுரத்தில் ஒரு கிணற்றில் மோட்டார் இறக்கிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணி வாக்கில் சங்கிலி வழுக்கி வலது கட்டைவிரலைக் கடித்தது. நகம் போயிற்று. பக்கத்து ஆஸ்பத்திரியில் விரல் பருமனுக்குப் பஞ்சு வைத்துக் கட்டுப் போட்டார்கள்.

சாயங்காலம் திரும்புகிற வழியில் ஒரு போலீஸ் ஸ்டேஷனில் இறங்கினேன். எந்த ஸ்டேஷன் என்று எழுதப் போவதில்லை. அவர்கள் போர்வெல் மோட்டாரின் ஸ்டார்ட்டரை ரிப்பேர் பார்த்து வைத்திருந்தேன். அதைக் கொடுக்கத்தான் போனேன்.

அங்கே இருந்த ஏட்டையாவை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு ஆடிப்பூரத் தேரோட்டத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கூட்டத்துக்குள் பவித்ரா அரைமணி நேரம் காணாமல் போனாள். அப்போது மூன்று வயசு. என் மனைவி செல்வி ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரத்தில் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து, "இதாம்லே ஒம் மகளா?" என்று கேட்டபடி வந்தவர் இவர்தான். அவர் கேட்டால் என் வீட்டுச் சாவியைக் கூடக் கொடுப்பேன்.

"ஏலே கனகு, சரியான நேரத்துல வந்த," என்றார். "சீனி கேஸுல மாடசாமியப் பிடிச்சாச்சு. அரிவாளும் எடுத்தாச்சு. நாலு கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

"விரல்ல கட்டு, ஏட்டையா."

"விரல் போனா என்னலே, கை இருக்குல்லா?"

சிரித்துக்கொண்டே வாசலில் நின்ற புல்லட் வண்டியின் சீட்டின் மேல் தாளை வைத்தார். நாலு இடத்தில் போட்டேன். சுழி வரவில்லை. எழுத்து பூரான் ஊர்ந்த மாதிரி இழுத்துக்கொண்டு போயிற்று. அரிவாளைக் காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. அவரும் காட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

மறந்தும் போனேன். நாலு வருஷம் அதை மறந்து நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்

சம்மன் வந்த நாலாம் நாள் ஏட்டையா கடைக்கு வந்தார். அன்றைக்கு நான் போட்ட தாளின் ஜெராக்ஸ் ஒன்றைக் கையில் கொடுத்தார். அப்போதுதான் அதை முதல் தடவையாக வாசித்தேன்.

காலை பத்து மணிக்கு, தோப்பை ஒட்டிய வாய்க்கால் கரையில், உண்ணிச்செடிப் புதருக்குள் மறைத்து வைத்திருந்த ரத்தக்கறை படிந்த அரிவாளை மாடசாமி தானாக எடுத்துக் கொடுத்தான். அதை நான் உடனிருந்து பார்த்தேன் என்று இருந்தது. புதரில் பூத்திருந்த பூவின் நிறம் கூட எழுதியிருந்தது.

"இதுல உள்ளத அப்படியே சொன்னாப் போதும். கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம்," என்றார் ஏட்டையா.

"நான் அங்க வரலியே, ஏட்டையா."

அவர் டீயை ஊதினார். "எங்க வரல?"

"வாய்க்காக் கரைக்கு."

"கையெழுத்து ஒன்னதுதான?"

"என்னதுதான்."

"அப்ப வந்திருக்க."

சிரித்தார். எனக்கும் பழக்கத்தில் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவர் முகம் மாறியது.

"அவந்தாம்லே செஞ்சான். தோப்புல களவாண்டத சீனி பாத்துட்டான். ஊரு பூராம் தெரியும். அரிவாளு எடுக்கப் போறோம், சாட்சிக்கு வாங்கடான்னா அம்புட்டு பேரும் ஓடிப்போயிட்டானுவ. எங்களுக்கு மட்டும் ஆசையாலே இப்படி எழுத? சீனி பொண்டாட்டி வாரந்தோறும் ஸ்டேஷனுக்கு வந்து நிக்கா. நாங்க என்ன செய்ய, நீயே சொல்லு."

ஜெராக்ஸை மடித்துப் பேனாப் பையில் வைத்தேன்.

"மாத்திச் சொன்னா என்ன ஆகும், ஏட்டையா?"

"ஒன்னயக் கூண்டுல ஏத்துவாவ. பொய்ச்சாட்சி கேஸு." டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "பாப்பா பத்தாவது போகுதுல்லா? நல்லாப் படிக்காளா?"

அவர் போன பிறகு காயில் சுற்ற உட்கார்ந்தேன். இருபதைத் தாண்டவில்லை.

வழக்கு எடுக்கிற நாள், கோர்ட்டுக் கோடை விடுமுறை முடிந்து, பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாளாக இருந்தது. ஆக எனக்கும் பவித்ராவுக்கும் ஒரே அளவு லீவு. அவள் நாள் போதவில்லை என்றாள். எனக்கு நாள் நகரவில்லை.

என்ன பாத்தீங்க?

புத்தகம் பாதியைத் தாண்டியிருந்தது. மூன்று பக்கம் என்றவள் பத்தாவது பக்கத்தில் இருந்தாள். சாப்பிடும்போதும் அதே பேச்சு.

"கொலைக்கு நம்ம நாட்டுல ரெண்டு தண்டனைதான் தெரியுமாப்பா? ஒண்ணு ஆயுள், இல்லன்னா தூக்கு. மூணாவது கெடையாது."

"சாப்பிடும்போது என்னட்டி பேச்சு?" என்றாள் செல்வி. "ரசத்த ஊத்து."

இரண்டில் ஒன்று. அந்த ஒன்றில் என் கையெழுத்து நாலு இடத்தில் இருந்தது.

மறுநாள் வார்னிஷ் டப்பாவை நகர்த்தியவள் கையில் சம்மன் சிக்கியது. நின்றபடியே வாசித்தாள். கண் விரிந்துவிட்டது.

"அப்பா, நீங்க சாட்சியா? கொலைக் கேஸுக்கா? சொல்லவே இல்ல பாத்தீங்களா." நோட்டை எடுத்து மரப்பெட்டியில் உட்கார்ந்து, பேனா மூடியைக் கழற்றினாள். "என் புராஜெக்ட்டுக்கு இதவிட என்ன வேணும்? சொல்லுங்க. என்ன பாத்தீங்க?"

"ஒண்ணும் பாக்கல."

"வெளாடாதீங்கப்பா."

"நெசமாட்டி. கையெழுத்து மட்டும்தான் போட்டேன்."

"எதுல?"

"பாத்தேன்னு எழுதியிருந்த பேப்பர்ல."

"வாசிக்காமலா?"

"ஆமா."

கிணறு, விரல், புல்லட் சீட்டு, டீ எல்லாவற்றையும் சொன்னேன். பேனா மூடியைத் திரும்பப் போட்டாள். அதன் 'டக்' சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. "அன்னிக்கு அந்தச் சாட்சிய நான் சொன்னேம்லா..." என்று ஆரம்பித்தாள்.

"எத?"

"ஒண்ணுமில்ல."

மூன்று நாள் அவள் கடையில் உட்கார்ந்து வாசிக்கவில்லை. மாடியில் போய் வாசித்தாள். தொந்தரவு இல்லை, எண்ணிக்கை தவறாது என்று நான் நினைத்தேன். ஆனால் அந்த மூன்று நாளில்தான் நான்கு தடவை பிரித்துச் சுற்றினேன். நான் என்ன செய்ய வேண்டும் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பேன். சொல்லாததால் கோபப்படவும் வழியில்லை.

செல்விக்கு மட்டும் தெளிவாக இருந்தது. "கையெழுத்துப் போட்டாச்சுல்லா? அதோட ஒரு வார்த்தையும் சொல்லிட்டு வந்திருங்க. பிள்ளையத் தூக்கிட்டு வந்து குடுத்த மனுசன். அவிய பகை நமக்கு எதுக்கு?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பிள்ளைகளே, நியாயம் ஒரு பக்கம் மட்டும் இருந்திருந்தால் எனக்கு இப்படி வேர்த்திருக்காது. மாடசாமியே கொன்றிருக்கலாம். நான் மாற்றிச் சொல்லி, கொன்றவன் தப்பித்துப் போனால்? சொல்லாமல் விட்டு, கொல்லாதவன் கழுத்தில் கயிறு விழுந்தால்? மாடசாமி செய்தானா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அன்றைக்குப் பத்து மணிக்கு நான் கான்சாபுரத்தில் இருந்தேன் என்பதுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர்

அன்று காலையில் செல்வி வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். "என்ன தோணுதோ சொல்லுங்க. சொல்லிட்டு நேரா வீட்டுக்கு வந்து சாப்பிடுங்க," என்றாள். அவளும் லீவு முழுக்க யோசித்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் அரைமணி நேரம்தான். கோபுரம் தெரிந்ததும் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்றால், இன்றைக்கு வழக்கைத் தள்ளி வைத்துவிட வேண்டும் என்றுதான்.

தள்ளி வைக்கவில்லை.

கோர்ட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு அம்மாள் நகர்ந்து இடம் விட்டார். பேச்சியம்மாள். ஆள் பாதியாக இருந்தார்.

"அண்ணாச்சி, நீங்களும் சாட்சியா?" என்றார். "நல்லாருப்பிய. நாலு வருசமா ஒருத்தரும் வரமாட்டேன்னுட்டாவ." தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

எதிர்ச்சுவரில் ஏட்டையா சாய்ந்து நின்று என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். கூண்டுக்குள் ஏறினேன். உண்மையைச் சொல்வேன் என்று சொல்ல வைத்தார்கள். தலைக்கு மேல் ஃபேன் 'கிர்க், கிர்க்' என்றது. பேரிங் போயிருக்கிறது, எண்ணெய் விட்டால் ஒரு மாதம் தாங்கும் என்று மனசு பாட்டுக்கு நினைத்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். எதிரே மாடசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அரசு வக்கீல் தாளைக் காட்டினார். "இது உங்க கையெழுத்துதானா?"

"ஆமாங்கய்யா."

"இதுல சொல்லியிருக்கபடி எதிரி மாடசாமி அரிவாளை எடுத்துக் கொடுத்ததைப் பாத்தீங்களா?"

ஃபேன் நாலு தடவை 'கிர்க்' என்றது. எண்ணினேன்.

"பாக்கலங்கய்யா."

டைப் அடிக்கிற சத்தம் நின்றது. அரசு வக்கீல் நீதிபதியிடம் ஏதோ சொன்னார். நான் 'பிறழ் சாட்சி', அதாவது கூப்பிட்ட தரப்புக்கே மாறாகச் சொன்ன சாட்சி, ஆகிவிட்டேன் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அதற்கு அப்புறம் அவர் குரல் மாறிவிட்டது. எதிரி வீட்டார் என்னை எப்போது வந்து பார்த்தார்கள், என்ன பேசினார்கள் என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை என்றேன். பொய் என்றார். இல்லை என்றேன். அந்த நேரத்தில் நான் கான்சாபுரத்தில் கிணற்றில் இருந்ததைச் சொன்னேன். சாயங்காலம், கட்டைவிரலில் கட்டோடு போட்ட கையெழுத்து என்றேன்.

"சுழி இருக்காதுங்கய்யா, பாருங்க. எனக்கு எப்பவும் சுழி வரும்."

நீதிபதி ஒரு அம்மா. கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தாளைப் பார்த்தார். சம்மனை வாங்கியதற்கு நான் போட்டுக் கொடுத்த கையெழுத்தையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாக்காம ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

இதற்கு நான் தயாராகி வரவில்லை. எத்தனையோ கேள்விக்குப் பதில் யோசித்து வைத்திருந்தேன். இது மட்டும் விட்டுப்போயிருந்தது.

"கேட்டாங்கம்மா. போட்டேன்."

அதைவிட வெட்கப்பட்டு என் வாழ்க்கையில் ஒரு பதில் சொன்னதில்லை. அதையும் டைப் அடித்தார்கள்.

முடிந்து வராந்தாவுக்கு வந்தேன். ஏட்டையா இல்லை. பேச்சியம்மாள் மட்டும் நின்றிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"பாக்கலன்னுட்டிய. சரி. எம் புருசன் செத்ததாவது நெசம்தான, அண்ணாச்சி?"

கையில் அவருடைய தண்ணீர் பாட்டில் இன்னும் இருந்தது. திருப்பிக் கொடுத்தேன்.

தீர்ப்பு அதற்குப் பிறகு பல மாதம் கழித்து வந்தது. என்ன தீர்ப்பு என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதை வைத்து, நான் செய்தது சரியா தப்பா என்று நீங்கள் மார்க் போட்டுவிடுவீர்கள். அன்றைக்குக் கூண்டில் நின்றபோது எனக்குத் தீர்ப்பு தெரியாது. உங்களுக்கும் தெரிய வேண்டாம்.

என் மேல் வழக்கு ஒன்றும் வரவில்லை. ஏட்டையா இன்றும் எதிரே வந்தால் வண்டியை மெதுவாக்குவார். நிறுத்த மாட்டார்.

பென்சில்

வீட்டில் நடந்ததை அப்படியே சொன்னேன். பேச்சியம்மாள் கேட்டதையும் சொன்னேன். செல்வி தட்டில் சோறு வைத்தாள். பவித்ரா கேட்டுவிட்டு எழுந்து மாடிக்குப் போனாள்.

மறுநாள் பள்ளி திறப்பு. புது யூனிஃபார்ம் கஞ்சி மொடமொடப்போடு வந்து நோட்டை நீட்டினாள்.

"அப்பா, இங்க ஒரு கையெழுத்து. சீக்கிரம். வேன் வந்துரும்."

கை தன்னால் பையில் இருந்து பேனாவை எடுத்துவிட்டது. பிறகு நின்றது.

"இரு. வாசிச்சுக்கிடுதேன்."

"அப்பா, பதினெட்டுப் பக்கம்."

"பரவால்ல."

"வேன் போயிரும்ப்பா."

"போகட்டும். நான் வண்டில கொண்டு விடுதேன்."

மரப்பெட்டியில் உட்கார்ந்தேன். அவள் வாசல்படியில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்றாள். நான் மெதுவாகத்தான் வாசிப்பேன். வேன் வந்து, ஹாரன் அடித்து, போய்விட்டது.

பதினைந்தும் பதினாறும் ஒரு சாட்சியைப் பற்றிய பக்கங்கள். பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர். கேட்டார்கள், போட்டார் என்று எழுதியிருந்தாள். இறந்தவரின் மனைவி வராந்தாவில் கேட்ட கேள்வியும் இருந்தது. அந்த ஆள் யார் என்று எழுதவில்லை. 'எனக்குத் தெரிந்த ஒருவர்' என்று மட்டும் இருந்தது.

கடைசிப் பக்கத்தில் கருத்து. மற்றதெல்லாம் நீல மையில் இருக்க, கொலை செய்தவருக்கு மரண தண்டனை வேண்டும் என்ற அந்த ஒரு வரி மட்டும் பென்சிலில் இருந்தது. இரண்டு தடவை அழித்து எழுதிய தடமும் தெரிந்தது.

"இது ஏன் பென்சில்?"

"இன்னும் முடியலப்பா. யோசிச்சுட்டுதான் இருக்கேன்."

அதற்குக் கீழே டீச்சர் கொடுத்த அச்சடித்த சீட்டு ஒட்டியிருந்தது. என் மகள் இந்தப் புத்தகத்தை முழுவதும் வாசித்து, யார் உதவியும் இன்றி எழுதினாள் என்று உறுதி கூறுகிறேன். பெற்றோர் கையொப்பம்.

"ஏட்டி, இது பொய்ல்லா?"

"எது?"

"யார் உதவியும் இல்லாமங்கறது. அந்த ரெண்டு பக்கம் நான் சொன்னதுதான?"

"ஐயோ அப்பா. எல்லாரும் அப்படித்தான் குடுப்பாவ. அது சும்மா அச்சடிச்சது. போடுங்க, மார்க்க கொறச்சிருவாவ."

"அச்சடிச்சது டீச்சரு. கையெழுத்து என்னதுல்லா?"

'பக்கம் 15, 16 தவிர' என்று ஓரத்தில் எழுதினேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். அவள் நோட்டைப் பிடுங்கி, நான் எழுதியதை இரண்டு தடவை படித்தாள். "போச்சு மார்க்கு," என்றாள். வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

மெயின் ரோடு திருப்பம் வந்தது. நோட்டு என் முதுகில் அழுந்திக்கொண்டிருந்தது. அதைத் திறந்து பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"அப்பா," என்றாள், காதுக்குப் பக்கத்தில். "கையெழுத்து கோணலா இருக்கு."

கோணலாகத்தான் இருந்தது. முழுதும் வாசித்துவிட்டு நான் போட்ட முதல் கையெழுத்து அது. சுழி வரவில்லை. இந்தத் தடவை விரலில் கட்டு ஒன்றும் இல்லை.